அகல் விளக்கு விற்க விரும்பும் மகள்: எதுவரை நாம் கைகொடுக்கலாம்?

கேள்வி: பெரம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் சென்ற ஆண்டு கார்த்திகைக்கு எங்கள் வீட்டு அகல் விளக்குகளுக்கு வண்ணம் தீட்டினாள். அவற்றைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் தமக்கும் பத்து வேண்டும் என்று கேட்டதிலிருந்து, இந்த ஆண்டு விளக்கு விற்றுத் தன் கைச்செலவுக்குத் தானே சம்பாதிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள் உள்ளன. கொசப்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் மண் விளக்கு வாங்குவதும் சிரமமில்லை.

சிக்கல் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. காசு ருசி கண்டுவிட்டால் புத்தகம் கசக்கும் என்பது என் மாமியாரின் கருத்து. என் கணவரோ, 500 விளக்கு வாங்கி இன்ஸ்டாகிராமில் விற்றுவிடலாம் என்று குழந்தையைவிட வேகமாக ஓடுகிறார். முதல் பணத்தை நாங்கள் கொடுப்பதா, கடனாகக் கொடுப்பதா, விலையை யார் வைப்பது, இதில் சட்டப்படி ஏதேனும் தவறு உண்டா என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஆதம்பாக்கத்துத் தந்தை

சகோதரி, இதே விளக்கு வியாபாரத்தை என் மகன் தன் 13 வயதில் செய்தான் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன். 100 விளக்குகள் 300 ரூபாய், வண்ணமும் தூரிகையும் 260 ரூபாய், அட்டைப் பெட்டிகள் 90 ரூபாய். தூக்கி வரும்போதும் வண்ணம் தீட்டும்போதும் எட்டு விளக்குகள் உடைந்தன. மீதி 92 விளக்குகளை நான்கு நான்காகப் பெட்டியிலிட்டு, பெட்டி 60 ரூபாய் வீதம் 23 பெட்டிகளை விற்று 1,380 ரூபாய் ஈட்டினான். தனக்கு 730 ரூபாய் லாபம் என்று துள்ளிக் குதித்தான். ஆனால் விளக்கு வாங்கப் போய்வந்த ஆட்டோவுக்கு நான் கொடுத்த 160 ரூபாய் அவன் நோட்டில் ஏறவே இல்லை. அதையும் எழுதச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. என் மனைவிக்கும் என்மேல் கோபம். ஆயினும் அன்று நான் விட்டுக்கொடுத்திருந்தால், அவன் செய்தது வியாபாரமாக இருந்திருக்காது. என் பணத்தை ஊரைச் சுற்றி அவன் பைக்குள் சேர்த்ததாகத்தான் இருந்திருக்கும். மீதி 570 ரூபாயை, அவன் உட்கார்ந்து வேலை செய்த 19 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 30 ரூபாய் வந்தது. அந்த 30 ரூபாயைப் பார்த்த பிறகுதான், ஏழு வண்ணப் பூவேலையை விட்டுவிட்டு இரண்டு வண்ணக் கோலப் புள்ளிகளுக்கு அவனாகவே மாறினான்.

தொழில் நுணுக்கம் ஒன்றையும் அடிபட்டே கற்றோம். திரி படியும் மூக்கிலும் விளிம்பிலும் வண்ணம் பூசியிருந்ததால், ஏற்றியதும் கருகி நாற்றம் வந்தது என்று இரண்டு வீட்டார் திருப்பிக் கொடுத்தார்கள். பணத்தை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். நான் உடன் செல்லவில்லை. புது மண் விளக்கு எண்ணெயைக் குடித்துவிடும் என்பதால் ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்திய பிறகே வெளிப்புறத்தில் மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும். சென்னையில் கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். அந்த ஈரத்தில் எதுவும் சீக்கிரம் உலராது. ஆகவே காலாண்டு விடுமுறையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கும் இடையூறு இராது, உங்கள் மாமியாருக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். இன்னொன்று: வடநாட்டுக் குடும்பங்கள் தீபாவளிக்கே விளக்கு வாங்குகிறார்கள், நம்மவர்கள் கார்த்திகைக்கு வாங்குகிறார்கள். உங்கள் குடியிருப்பில் இரு சாராரும் இருந்தால் ஒரே சரக்குக்கு இரண்டு பருவம் கிடைக்கும்.

பதில் 2: கணக்காளர், நங்கநல்லூர்

சட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பின், 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவுவதை அனுமதிக்கிறது. உங்கள் மகள் தானே செய்து தானே விற்பதில் யாரும் யாரையும் வேலைக்கு அமர்த்தவில்லை. ஆனால், வேலை பெருகிவிட்டது என்று தோழிக்குக் கூலி கொடுத்து உட்காரவைக்கும் யோசனை எழுந்தால், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல், அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தது. எனவே குடியிருப்புச் சங்கத்தில் மேசை போட இடம் கேட்பதோ, இணையத்தில் விற்பனைக் கணக்குத் திறப்பதோ உங்கள் பெயரில்தான் நடக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு அந்தத் தடையில்லை. 10 வயது நிறைந்த சிறுவர்கள், வங்கி வகுக்கும் வரம்புக்குள், சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. குழந்தையின் வருமானம் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படும் என்றாலும், தன் உடலுழைப்பாலோ திறமையாலோ ஈட்டியது அதற்கு விலக்கு. விளக்கு வண்ணம் அந்த விலக்கில் வரும். இந்தத் தொகைக்கு வரியே இல்லை என்பது வேறு.

முறுக்கு, கேக் என்று உணவுப் பக்கம் திரும்பினால் கதை மாறும். வீட்டிலிருந்து சிறிய அளவில் விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவுச் சான்று பெற வேண்டும்.

பதில் 3: ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர், மயிலாப்பூர்

முதல் பதில் எழுதியவரின் கணக்கை ஏற்கிறேன், ஆனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்: அந்த 23 பெட்டிகளில் எத்தனை முகதாட்சண்யத்துக்காக வாங்கப்பட்டவை? பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலில் நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? மாமா, அத்தை, தெரிந்தவர் வாங்கியதை நோட்டில் தனிப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள் அம்மா. அறிமுகமில்லாதவர் கொடுத்த விலைதான் அந்த விளக்கின் உண்மையான விலை.

முதல் பணத்தைக் கடனாகவே கொடுங்கள், வட்டி வேண்டாம். 500 விளக்கு என்னும் உங்கள் கணவரின் திட்டத்தை அன்போடு மறுத்துவிடுங்கள்; விற்காமல் பரணில் கிடக்கும் 400 விளக்குகளை அந்தக் குழந்தை அடுத்த ஆண்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கியூஆர் அட்டை வைத்து விற்றால் பணம் உங்கள் கணக்கில் விழும், அவள் கண்ணில் படாது. அன்றன்றைய வரவை அன்று மாலையே அவள் கையில் ரொக்கமாக எண்ணிக் கொடுங்கள். எங்கள் பள்ளியில் சஞ்சாயிகா என்னும் மாணவர் சேமிப்புத் திட்டத்துக்கு எட்டணாவும் ஒரு ரூபாயும் கொண்டுவந்த பிள்ளைகள், அட்டையில் தொகை ஏறுவதை இரண்டு முறை சரிபார்த்த பிறகே இடத்துக்குப் போவார்கள். கைக்காசு போய் எண்ணாக மாறுவதை அவர்கள் நேரில் பார்த்தார்கள்.

கேட்டவர்: பெரம்பூர்வாசி

மூவருக்கும் நன்றி. 60 விளக்குகளோடு தொடங்குவது என்றும், 450 ரூபாயைக் கடனாகக் கொடுப்பது என்றும் வீட்டில் பேசி முடித்துவிட்டோம். வங்கிக் கணக்கு விஷயத்தைக் கேட்டதும், சான்றுகளை எடுத்துவைத்தவர் என் மாமியார்தான். காசு ருசியைப் பற்றி அவர் இன்னும் மனம் மாறவில்லை, சேமிப்பு வேறு என்கிறார். ஒன்றே ஒன்று: கொசப்பேட்டையில் வாங்கிவந்த பிறகு கீறல் தெரிந்தால் மாற்றித் தருவார்களா, ஐயா?

பதில் 1: ஆதம்பாக்கத்துத் தந்தை

அதை நம்பிப் போகாதீர்கள், சகோதரி. கடையிலேயே ஒவ்வொன்றையும் விரல் நகத்தால் சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல விளக்கு கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். அந்த வேலையை மகளிடமே விடுங்கள், நீங்கள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.