கீரிப்பாறை மலையில் காலையில் கேட்கும் "ஹூ ஹூ": எல்லைச் சண்டையா?

விளைக்காரன்:
கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ரப்பர் பால்வெட்டு நடக்கும் நேரத்தில் மேல்காட்டிலிருந்து கருமந்தி (நீலகிரி கருங்குரங்கு) "ஹூ... ஹூ..." என்று முழங்குகிறது. கொஞ்ச நேரத்தில் எதிர் முகட்டிலிருந்து பதில் வருகிறது. இது எல்லை காக்கிற சத்தமா, சிறுத்தையைக் கண்ட பயமா? கருமந்தியின் எல்லையைக் கண்டுபிடிக்க வழி உண்டா? விளையிலேயே (தோட்டத்திலேயே) பார்க்கிற மாதிரி வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

மலையோரம்:
எல்லைக் குரல்தான் அண்ணாச்சி. கூட்டத்தின் பெரிய கடுவன் (ஆண் குரங்கு) எழுப்புவது அது. முழங்கிக்கொண்டே கிளைக்குக் கிளை தாவும், காய்ந்த கொம்பு முறிகிற சத்தமும் சேர்ந்து வரும். சிறுத்தையைக் கண்டால் வருவது வேறு: குட்டையான, கரகரத்த குரைப்பு, விட்டுவிட்டு. அடர்ந்த சோலையில் இருபது முப்பது அடிக்கு மேல் பார்வை போகாது. அதனால் "இங்கே ஆள் இருக்கு" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறது. நேரில் மோதினால் கோரைப்பல் காயம், மேலேயிருந்து விழுகிற ஆபத்து, தின்கிற நேரமும் வீண்.

எல்லையைக் குறிக்க இரண்டு பேர் வேண்டும். அரை கிலோமீட்டர் இடைவெளியில் நின்று, ஒரே குரலுக்கு இருவரும் நேரமும் திசைகாட்டியின் பாகையும் எழுதுங்கள். வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் கடுவன் நின்ற இடம். பத்துப் பதினைந்து நாள் குறித்தால் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிவது தெரியும். பள்ளத்தில் நிற்காதீர்கள். எதிரொலி திசையை மாற்றிக் காட்டும், கோடுகள் எங்கெங்கோ வெட்டும். சரணாலய எல்லைக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

கருமந்திக்குக் குரல் என்றால், புலிக்கு வாசனைதான் வேலி. வாலைத் தூக்கிப் பின்பக்கமாக மரத்தில் சிறுநீரைப் பீச்சும். சாய்ந்த மரத்தின் அடிப்பக்கத்தைத் தேடிப் பீச்சுவது வழக்கம், அங்கே மழை நேராக விழாது. அந்த நீரில் பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிற அதே வேதிப்பொருள் இருக்கிறது. புதுப்பிக்காமல் விட்டால் பக்கத்துப் புலி உள்ளே வந்துவிடும்.

கமுகடி:
விளையில் பார்க்கக் கமுகு மரம் போதும். வெயில் ஏறியதும் தண்டில் பறக்கும் ஓணானைத் தேடுங்கள். பட்டை நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அசைந்தால்தான் கண்ணுக்குப் படும். ஆணின் தாடைக்கடியில் கூர்மையான மஞ்சள் மடிப்பு ஒன்று உண்டு. இன்னொரு ஆண் அதே மரத்தில் வந்து இறங்கினால் அதை விரல் நீட்டுவதுபோல முன்னால் நீட்டி மடக்கும், நீட்டி மடக்கும். அதற்கும் போகாவிட்டால் தண்டைச் சுற்றித் துரத்தும். தோற்றது அடுத்த மரத்துக்கு மிதந்து போய்விடும்.

முசுறும் (மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) அப்படித்தான். ஒரே குடி (எறும்புக் கூட்டம்) பல மரங்களில் கூடு கட்டும், எல்லை ஓரக் கூடுகளில் வயதான வேலைக்கார எறும்புகளே அதிகம் காவல் இருக்கும். மாமரத்தடியில் முசுறு குவியலாகச் செத்துக் கிடந்தால் உடனே மருந்துதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு குடிகளின் கிளைகள் உரசி யுத்தம் நடந்திருக்கலாம். உரசுகிற கொம்பை வெட்டிவிட்டால் அந்த வழி அடைபடும்.

மலையோரம்:
ஒன்று விட்டுப்போச்சு. கருமந்திக் குரலை ஃபோனில் போட்டுப் பதில் வருதா என்று சோதிக்க வேண்டாம். கடுவன் தின்பதை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி ஓடும், உங்கள் குறிப்பிலும் தப்பான புள்ளி விழும்.