புதுப்பிப்பு: பிளகின் 'திருகோணமலை'யை ஏன் விட்டுவிட்டது?

கடை முகவரிகளைப் பிரிக்கும் பைதான் ஸ்கிரிப்டின் பிளகின் (அதோடு சேர்த்து ஓடும் துணை நிரல்), நிலாவெளி, மூதூர் எல்லாவற்றையும் பிடிக்கிறது, திருகோணமலையை மட்டும் பல வரிகளில் தவறவிடுகிறது என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

சிக்கல் 'கோ'வில். அதன் உயிர்க்குறி கணினியில் ஒரே குறியீடாகவும் வரலாம்; இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஊர்ப் பெயரில் எத்தனை குறியீடுகள் என்று அச்சிட்டுப் பார்த்தேன்: ஒரு வரியில் 10, அடுத்ததில் 11! ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், அச்சாகும் முகவரி லேபிளில் ஊர்ப் பெயரின் முடிவில் வந்த கேள்விக்குறி. பிளகின் பெயரை 20 பைட்டில் வெட்டுகிறது. யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; 20 மூன்றால் வகுபடாததால் ஒரு குறியீடு பாதியில் வெட்டுப்பட்டுக் கேள்விக்குறியாகிறது. மூன்றால் வகுபடும் 27 என்று மாற்றினாலும், கடைசி 'ை' குறி விடுபட்டு 'திருகோணமல' என்றுதான் நிற்கும். ஊர்ப் பெயர் அப்படி அச்சாவதைப் பார்க்க மனம் வரவில்லை. முழு எழுத்தின் எல்லை பார்த்து வெட்டும்படி இன்றிரவு திருத்துகிறேன்.