மறுமொழி: ‘வாழ்க்கைச் சுழற்சிச் செலவு’ வேண்டாமே, ‘ஆயுட்செலவு’ எப்படி?

> லைஃப் சைக்கிள் காஸ்ட் = வாழ்க்கைச் சுழற்சிச் செலவு. நம் கலைச்சொல் அகராதியில் இதையே வைத்துக்கொள்ளலாமா?

அண்ணா, வேண்டாம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி, மறுபடி முட்டை என்று வந்தால் அது சுழற்சி. நான் சிங்கப்பூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சங்கிலி இழுக்கும் பலகைகளால் தொட்டி அடியில் கசடைத் தள்ளும் ஸ்கிரேப்பருக்கு அப்படிச் சுற்று எதுவும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்து கழற்றிப் போடும் நாள்வரை செலவு வைக்கும், அவ்வளவுதான்.

அந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். டெண்டரில் எல்லாரும் வாங்கும் விலையையும் கரண்ட் செலவையும்தான் பார்க்கிறார்கள். ஸ்கிரேப்பர் நிமிடத்துக்கு ஒரு மீட்டர்கூட நகராது, மோட்டார் பெரும்பாலும் ஒரு குதிரைத்திறனைத் தாண்டாது, அதனால் கரண்ட் பெரிய கணக்கே இல்லை. சங்கிலி நீளும், பல்சக்கரம் தேயும், பலகைக்கு அடியில் உள்ள தேய்மானக் கட்டை கரையும். கட்டை விலை குறைவுதான், ஆனால் அதை மாற்றத் தொட்டியை வடிக்க வேண்டும், கழுவ வேண்டும், ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இருக்கிறதா என்று சோதித்து, அடைபட்ட இடத்தில் இறங்குவதற்கான கன்ஃபைன்ட் ஸ்பேஸ் பர்மிட் எடுத்து, மேலே ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் ஆள் இறங்கலாம். அதுவரை அந்தத் தொட்டியின் தண்ணீரையும் பக்கத்துத் தொட்டிகள் சுமக்க வேண்டும். இங்கே சிங்கப்பூரில் சாங்கி கழிவுநீர் நிலையம் 2009-இல் திறந்தபோதே நாளுக்கு 8 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு. சுரங்கக் குழாயில் வருகிற கழிவுநீரை நாளைக்கு வா என்று சொல்ல முடியுமா? மட்டமான சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பலகை கோணிக்கொண்டு அடுத்த பலகைகளையும் வளைத்துவிடும்.

‘பராமரிப்புச் செலவு’ என்றால் தொட்டி சும்மா கிடக்கும் நாள்களின் நட்டம் அதற்குள் வராது. ‘ஆயுட்செலவு’ என்றால் வரும். ஆயுட்காலம், ஆயுட்காப்பீடு எல்லாம் ஏற்கெனவே பழகிய சொற்கள், மெஷினின் ஆயுள் என்றும் நாமே சொல்கிறோம்.

அப்புறம், ஸ்கிரேப்பருக்குச் ‘சுரண்டி’ வேண்டாம். ஒட்டிக் காய்ந்ததைத்தான் சுரண்டுவோம். ஆட்டுக்கல்லில் மாவை அம்மா கையால் வழிப்பார்களே, இந்தப் பலகை இளகிய கசடைக் குழிக்குத் தள்ளுவது அதே மாதிரிதான். ‘வழிப்பான்’ என்று வைப்போமா?

> ‘வழிப்பான்’ என்று வைப்போமா?

தம்பி, ஆயுட்செலவு எனக்குச் சம்மதம், அகராதிக் கோப்பில் மாற்றிவிட்டேன். வழிப்பான் தனியாக நின்றால் பாதையைக் குறிக்கும் ‘வழி’ என்று நினைத்துக்கொள்வார்கள். ‘கசடு வழிப்பான்’ என்று சேர்த்தே எழுதலாம். தேய்மானக் கட்டைக்கு உங்கள் ஆட்கள் வேறு பெயர் ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள்.