பாப்புலிசம்: ‘ஜனரஞ்சகவாதம்’ சரிதானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இத்தாலியத் தேர்தல்கள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய கட்சிகள்மேல் நம்பிக்கை போனவர்கள் ஏன் பாப்புலிஸ்ட் கட்சிகள் பக்கம் சாய்கிறார்கள் என்பது பொருள். நாளிதழ்களில் ஜனரஞ்சகவாதம், வெகுஜனவாதம், கவர்ச்சி அரசியல் என்று கலந்து புழங்குகிறார்கள். எதை எடுக்கலாம்? சாய்பவர்களை ‘அதிருப்தி வாக்காளர்’ என்றால் போதுமா?

---

ஐயா, வணக்கம்.

கவர்ச்சி, ஜனரஞ்சகம் இரண்டையும் முதலில் ஓரங்கட்டிவிடுவோம். இங்கே ‘பாப்புலிஸ்ட் பட்ஜெட்’ என்றால் ஏதோ இலவசம் அறிவித்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் கட்டுரைக்கு அது ஒத்துவராது. நெதர்லாந்து அரசியலறிஞர் காஸ் முட்டே 2004இல் தந்த வரையறைதான் இன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது: மாசற்ற மக்கள் ஒருபுறம், கெட்டுப்போன மேல்தட்டு மறுபுறம் என்று சமூகத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் அரசியல். இதில் கொடுப்பதும் இல்லை, மகிழ்விப்பதும் இல்லை. எதிர்ப்புதான் இருக்கிறது.

இத்தாலியையே பாருங்கள். நகைச்சுவை நடிகர் பெப்பே கிரில்லோ தொடங்கிவைத்த ஐந்து நட்சத்திர இயக்கம் 2013 பொதுத்தேர்தலில் முதன்முறையாக நின்று நூற்றுக்கு 25க்கு மேல் வாக்கு வாங்கியது. மேடையில் ஓங்கி ஒலித்தது ‘எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்’ என்ற குரல். அரசியல்வாதிகளின் சம்பளத்தைக் குறை, ஆயுள் ஓய்வூதியத்தை நிறுத்து, கட்சிகளுக்கு அரசுப் பணம் எதற்கு? வென்று போன உறுப்பினர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சிறுதொழில் கடன் நிதிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்தவனுக்குக் கிடைப்பதை வெட்டச் சொல்லி வாக்குக் கேட்பதை ஜனரஞ்சகம் என்று எப்படிச் சொல்வது? (ஏழைகளுக்கு மாதம் 780 யூரோ வரை தந்த ‘குடிமக்கள் வருமானம்’ 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வாக்குறுதி 2018 வெற்றிக்கு, குறிப்பாகத் தெற்கில், உதவியது உண்மை. முதல் அலையை அது விளக்காது.)

வாக்காளருக்கான சொல்லில்தான் எனக்கு அதிக அக்கறை. அதிருப்தி வேறு, விரக்தி வேறு. ஆளுங்கட்சிமேல் அதிருப்தி வந்தால் எதிர்க்கட்சிக்குக் குத்திவிட்டு வருவார்கள். 1994 முதல் 2008 வரை இத்தாலியர்கள் அதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் ஆட்சி வலமும் இடமுமாக மாறியது. விரக்தி என்பது மாற்றிப் போட்டும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த நிலை.

அது எப்படி வந்தது என்பதற்குப் பழைய கதை உண்டு. 1992 பிப்ரவரியில் மிலான் நகர முதியோர் இல்லம் ஒன்றின் தலைவர் லஞ்சம் வாங்கும்போது பிடிபட்டார். நூலைப் பிடித்துக்கொண்டு போனால் பெருங்கட்சிகள் எல்லாம் சிக்கின. அரைநூற்றாண்டு ஆண்ட கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1994இல் இல்லாமலே போனது. ஆனால் திருப்புமுனை என்று நான் நினைப்பது 2011 நவம்பர். கடன் நெருக்கடியில் வலதுசாரிப் பிரதமர் பெர்லுஸ்கோனி விலக, தேர்தலில் நிற்காத பொருளியலாளர் மரியோ மோன்ட்டி பிரதமரானார். அதுவரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த வலது, இடது பெருங்கட்சிகள் இரண்டும் அவருக்குக் கைதூக்கின. ஓய்வூதிய வயது ஒரேயடியாக ஏறியது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு முன்கூட்டியே வேலையை விட்டிருந்தவர்கள் சம்பளமும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் நடுவில் மாட்டினார்கள். ‘எசொடாத்தி’ என்று அவர்களுக்கு ஒரு பெயரே வந்தது. இரண்டு பெருங்கட்சிகளும் சேர்ந்து கைதூக்கிய சட்டம் இது. அப்படி மாட்டிக்கொண்டவர் தன் கோபத்தை எந்தப் பெட்டியில் போடுவார்?

அதனால் ‘விரக்தி வாக்காளர்’ என்பது என் பரிந்துரை. விரக்தியில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். 2022இல் வாக்குப்பதிவு நூற்றுக்கு 64ஆக இறங்கியது.

பாப்புலிசத்துக்கு ‘மக்கள்பேர்வாதம்’ என்று வைக்கலாமா? மக்கள் பேரைச் சொல்லி, மற்ற எல்லாரையும் மக்களுக்கு எதிரிகளாக்கும் வாதம். குழுமத்தார் கருத்துச் சொல்லவும்.

---

அம்மா, வணக்கம்.

அதிருப்தி–விரக்தி பிரிப்பு அருமை. ‘மக்கள்பேர்வாதம்’தான் இடிக்கிறது. ‘பேரைச் சொல்லி’ என்றாலே ஏமாற்று என்ற வாடை வந்துவிடும். கலைச்சொல்லே தீர்ப்பும் எழுதக் கூடாது. 1892இல் அமெரிக்காவில் மக்கள் கட்சி தொடங்கிய விவசாயிகளைத்தான் முதலில் பாப்புலிஸ்ட் என்றார்கள். பருத்தி விலை விழுந்து, ரயில் கம்பெனியின் சரக்குக் கட்டணமும் கடனும் கழுத்தை நெரித்தபோது இரண்டு கட்சியும் கண்டுகொள்ளவில்லை என்று எழுந்தவர்கள். அவர்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியுமா? தவிர, ‘மக்கள்பேர்க் கட்சி’ என்று எழுதினால் பெயரில் ‘மக்கள்’ உள்ள கட்சி என்று படிப்பார்கள். நம்மூரில் அப்படிப் பார்த்தால் பாதிக் கட்சி தேறும்!

என் பங்குக்கு: ‘மக்கள்முனைவாதம்’. இருமுனைப் போட்டி, மும்முனைப் போட்டி என்று தேர்தல் தமிழில் முனை ஏற்கெனவே இருக்கிறது. மக்கள் ஒரு முனை, மேல்தட்டு மறுமுனை. உங்கள் வரையறையின் பிளவு இதில் அப்படியே வருகிறது.

---

ஐயா, வாடை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். முனை நன்றாக உட்காருகிறது. அடுத்த கட்டத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தேன். 2018இல் நூற்றுக்கு 32க்கு மேல் வாங்கிய ஐந்து நட்சத்திரம் முதலில் வலதுசாரி லேகா கட்சியோடும், பிறகு இடதோடும், 2021இல் பிரதமரான மரியோ திராகியின் கீழ் ஏறக்குறைய எல்லாரோடும் சேர்ந்து ஆண்டது. 2022இல் 15ஆகச் சுருங்கியது. பெருங்கட்சிகளில் திராகி அரசுக்கு வெளியே நின்றது ஜார்ஜா மெலோனியின் வலதுசாரிக் கட்சி மட்டுமே. 2018இல் 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த அது, 2022இல் 26ஆக ஏறியது. “ஐந்து நட்சத்திரம் மக்கள்முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது, காலியான முனையில் மெலோனி நின்றார்” என்று எழுதிப் பார்த்தால் தமிழாகவே இருக்கிறது. மெலோனியின் எல்லா வாக்கும் அங்கிருந்து வந்ததல்ல; கணிசமானது லேகாவிடமிருந்து வந்தது. கட்டுரையில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

‘மக்கள்முனைக் கட்சி’க்கு ஒற்று மிகும் என்றே நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.