‘செயின் ஆஃப் கமாண்ட்’ தமிழ் சப்டைட்டில்: வார்த்தை உதவி வேணும்

ஓசூர், கிருஷ்ணகிரி நண்பர்களே, ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்கிற விண்வெளிக் கப்பல் சீரியலோட 6-வது சீசன், 10, 11-வது எபிசோடுகளுக்கு (‘செயின் ஆஃப் கமாண்ட்’ ரெண்டு பாகம், 1992 டிசம்பர்) சப்டைட்டில் தயாராகுது. ரெண்டு இடம் உதைக்குது.

புது கேப்டன் ஜெல்லிகோ வந்ததுமே மூணு ஷிப்டை நாலாக்கச் சொல்றார். துறைத் தலைவர்கள் ஒத்துக்கலைன்னு கப்பலோட அடுத்த நிலை அதிகாரி ரைக்கர் தள்ளிப்போட, உரசல் அங்கேயே ஆரம்பம். ‘முறைப்பணி’ன்னு போட்டா பாடப்புத்தக வாடை அடிக்குது. சிப்காட்ல ஏ, பி, சி ஷிப்ட் பார்க்கிறவங்களுக்கு 8 மணி நேரம் 6 ஆகறதும், ஒவ்வொரு பிரிவும் இன்னொரு செட் ஆள் தேத்தணும்கிறதும் சட்டுனு புரியணும். ‘ஷிப்ட்’னே விட்டுடலாமா?

அடுத்தது, ஜெல்லிகோ ரைக்கரைப் பொறுப்பிலிருந்து எடுக்கிற காட்சி. ‘பணிநீக்கம்’ தப்பு, வேலையே போயிடல, கடைசியில ஷட்டில் (சின்ன விண்கலம்) ஓட்ட அவரைத்தானே கூப்பிடணும்! ‘விடுவிப்பு’ன்னா டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மாதிரி இருக்கு. ‘சஸ்பெண்ட்’ ஓரளவு பொருந்துது. இதைவிட நல்ல சொல் இருக்கா?

டைமிங் பிரச்சினை தீர்ந்தாச்சு. சப்டைட்டில் ஃபைல் செகண்டுக்கு 25 ஃபிரேம் கணக்கு, வீடியோ 23.976. அதனால 45-வது நிமிஷத்துல வசனம் 1 நிமிஷம் 50 செகண்ட் முந்துது. மொத்தமா தள்ளி வச்சா சரியாகாது; எல்லா நேரத்தையும் 1.0427-ஆல பெருக்கணும். ஃபைலை யூடிஎஃப்-8-ல (தமிழ் எழுத்தையும் ஏத்துக்கிற எழுத்துக் குறியீட்டு முறை) சேவ் பண்ணியும் சில டிவியில தமிழ் கட்டம் கட்டமா வருது. பென்டிரைவ்ல போட்டுப் பார்த்துச் சொல்ல யாராவது இருக்கீங்களா?