போடிங்கில் அழுத மகன்: புதுப்பிப்பு

புலமைப்பரிசில் பரீட்சை பாஸாகி ஆறாம் வகுப்புக்கு யாழ்ப்பாணம் போன மகன் விடுதியில் சாப்பிடாமல் அழுகிறான், திரும்பக் கூட்டி வரவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூட்டி வரவில்லை.

பிரச்சினை சாப்பாடு இல்லை, குளிப்பு! கிளிநொச்சி வாய்க்காலில் நீந்திப் பழகியவன். அங்கே கிணற்றடித் தொட்டியில் பெரிய வகுப்பு அண்ணாமார் முதல். இவன் முறை வரும்போது மணி ஆறே முக்கால். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது. தேய்த்துத் தேய்த்து நின்றதில் காலைப் புட்டு தவறிவிடும். இதைச் சொல்ல வெட்கமாம்.

விடுதிப் பொறுப்பாளர் வோடனிடம் நான் பேசுவதற்குள் பக்கத்துக் கட்டில் நெடுந்தீவுப் பொடியனே வழி கண்டுபிடித்துவிட்டான். நாலரைக்கு எழுப்பி, இருவருமாக வாளியில் அள்ளிக் குளிக்கிறார்கள். (வீட்டில் ஏழு மணிக்கும் எழும்பாதவன்!)

காலுறை மட்டும் வாரம் ஒன்று தொலைகிறது. சரி, போகட்டும்.

கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது, அந்தப் பிள்ளை வார விடுமுறைக்கும் விடுதியில்தான். நேற்றுப் போனில் மகன் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, மிக்சர் ரெண்டு பைக்கற்றா கொண்டு வாங்கோ."