சின்னப் பிள்ளைகளுக்கு எந்தப் படப் புத்தகம்? கேட்டதும் சொன்னதும், உங்கள் அனுபவம் எழுதுங்கள்

வெள்ளவத்தை வாசகி

போன செப்டெம்பர் கொழும்பு பிஎம்ஐசிஎச் மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. கூட்டம் எப்படி என்று உங்களுக்கே தெரியும், அதுவும் சனிக்கிழமை பின்னேரம், சிறுவர் புத்தகக் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற தாயின் மகனுக்கு மூன்று வயது இருக்கும். கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தெடுத்து அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். எழுத்தே இல்லை, முழுக்கப் படம். அவன் விரித்த பக்கத்தில் ஒரு சந்தை. மீன் வெட்டுகிறவர், பூமாலை கட்டுகிறவர், தராசு, கூடை, எங்கு பார்த்தாலும் ஆட்கள், வலப்பக்க மூலையில் மட்டும் ஒரு சின்ன ஆடு யாரோ ஒருவருடைய பையிலிருந்து கீரையை இழுத்துக்கொண்டு நிற்கிறது. பெரியவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. அவன் அதன் மேல் விரலை வைத்து, "அம்மா, ஆடு களவெடுக்குது" என்றான்.

தாய் என்னைப் பார்த்து, "அக்கா, இந்த வயதுக்கு எது நல்லது?" என்று கேட்டார். தம்பி கையில் இருக்கிறதையே வாங்குங்கோ என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் வாசிக்க ஒன்றுமே இல்லையே" என்று சொல்லி எழுத்துப் பழகும் கொப்பிக் கட்டு ஒன்றை எடுத்தார். புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போதுகூட அவன் ஆட்டின் மேலிருந்த விரலை எடுக்கவில்லை.

அந்தத் தாயில் எனக்குக் குறை இல்லை. 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட நாடு இது. அதற்குப் பிறகு புத்தக விலை என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும், காசுக்குப் பெறுமதி பார்க்காமல் யாரால் வாங்க முடியும். ஆனால் அந்தப் பிள்ளை அங்கே நிலத்தில் இருந்து ஒரு முழுக் கதையை வாசித்து முடித்துவிட்டான். அதை நான் எப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன். நீங்கள் யாராவது இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

பம்பலப்பிட்டி அப்பா

எழுத்தில்லாத புத்தகம் நல்லதுதான் அக்கா, இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் நின்று நின்று வீட்டுக்கு வருகிற ஒருவரிடம் படத்தைக் காட்டி, கதையை நீயே சொல்லு என்றால் வாயில் ஒன்றும் வராது. எனக்கு வரி வேண்டும், பக்கத்துக்கு இரண்டு வரி போதும்.

நான் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் தடித்த புத்தகங்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டு நின்றேன். அங்கே வேலை செய்கிற ஒருவர், "மகள் எதைத் தூக்கினா?" என்று மட்டும் கேட்டார். மகள் தூக்கியது ஒரு ஒல்லிப் புத்தகம், நித்திரை வராத யானைக்குட்டி காடு முழுக்கப் படுக்க இடம் தேடுகிற கதை. அதைக் கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் எங்கள் வீட்டில் வேறு புத்தகமே இல்லை. தவணை முடிய முடியப் புதுப்பித்து, ஒவ்வொரு இரவும் அதே யானைக்குட்டி. ஒரு நாள் எனக்குச் சரியான அசதி, பிள்ளை கண்ணை மூடிவிட்டாள், நித்திரை என்று நினைத்து ஒரு பக்கத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன். கண் திறக்காமலே "தவளை எங்க அப்பா?" என்றாள். தாண்டிய பக்கத்தில்தான் தவளை இருந்தது.

இதை வைத்து வீட்டில் பெரிய கதை. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் பிள்ளை எப்படி முன்னேறும், மற்றப் பிள்ளைகள் இப்போதே ஆனா ஆவன்னா எழுதுகின்றன என்று மாமியும் அண்ணியும் மாறி மாறிக் கேட்கிறார்கள். என் மனம் இதுதான் சரி என்கிறது, பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

மாளிகாவத்தை உம்மா

எங்கள் வீட்டுக் கதை குடைக் கதை. சிபில் வெத்தசிங்க எழுதிப் படமும் வரைந்த அந்தக் குடைக் கள்வன் புத்தகம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், 1956இல் வந்தது, இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் புத்தகம் என்றால் அதுதான். அவர் 2020இல் மௌத்தானபோது பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ட்டி தன் மகனுடைய பழைய பிரதியைக் கொண்டுவந்து, "பபாவுக்கு வாசித்துக் காட்டுங்கோ" என்று தந்தார். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். அதனால் படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

கிரி மாமா வாங்கி வருகிற குடையெல்லாம் களவு போகும், கடைசியில் அவர் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அது விழுந்து கிடக்கிற வழியே போய்க் கள்வனைப் பிடிப்பார் இல்லையா. அந்தப் பக்கத்தில் மகன் மூச்சே விடமாட்டான். இரண்டு நாள் கழித்துப் பொரளையில் பஸ் ஹோல்டில் நிற்கும்போது மழை பிடித்தது. வாப்பா குடையை விரித்தார், தலை, தோள், பக்கத்தில் நின்ற ஆட்கள் என்று எல்லோர் மேலும் கடதாசி கொட்டியது. மின்சாரப் பில்லைக் கிழித்துப் போட்டிருக்கிறான். வாப்பாவுக்கு ஏச வாய் வருமுன் இவன் "இனி நம்முட குடையக் களவெடுக்க ஏலாது" என்றான்.

அந்தப் புத்தகத்தில் அவனுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. வாசகி அக்கா கண்காட்சியில் கண்ட அந்தத் தாய்க்கு இதைத்தான் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு அந்த மொழி வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டாரின் புத்தகம் நம் பிள்ளைக்கும் புத்தகம்தான்.

தெஹிவளை ஓய்வாசிரியர்

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஒரு நினைவு உண்டு. எண்பதுகளில் மொஸ்கோவில் அச்சான தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் இங்கே மலிவாகக் கிடைத்தன, கெட்டித் தாள், மங்காத நிறம். பனியையே காணாத என் மூத்த மகன் பனிமலைப் படத்தைப் பார்த்து, "அப்பா, இவ்வளவு சீனியை யார் கொட்டினது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய் அன்று இரவு முழுக்கக் கதைத்தோம்.

இப்போது பம்பலப்பிட்டித் தம்பிக்கு. கதை சொல்ல வாயில் ஒன்றும் வராது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் கதை கட்டவே தேவையில்லை, பிள்ளையைக் கேட்டாலே போதும். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு வாசிக்கும்போது எப்படிக் கேள்வி கேட்பது என்று பழக்கினார்கள். ஆமா இல்லை என்று முடிகிற கேள்வி வேண்டாம், "இங்கே என்ன நடக்குது?" என்று கேளுங்கள், பிள்ளை "நாய்" என்றால் "ஓம், பெரிய கறுப்பு நாய், ஓடுது" என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள், இவ்வளவுதான். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றப் பிள்ளைகளை முந்திவிட்டது. உங்கள் மாமிக்கும் அண்ணிக்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துப் பார்த்தார்கள். புதுச் சொற்கள் எல்லோருக்கும் ஒன்றுதான், கதைதான் வேறு. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே, வேறு வேறு கதை கேட்டவர்களைவிடச் சொற்களை நன்றாகப் பிடித்திருந்தார்கள். ஆகவே யானைக்குட்டியை விடாதீர்கள். இன்னொன்று, கைக்குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் பிறந்ததிலிருந்தே சேர்ந்து வாசிக்கச் சொல்லி அறிவித்தது. பிறந்த குழந்தைக்கு இருபது முப்பது சென்ரிமீற்றர் தூரம்தான் தெளிவாகத் தெரியும், மடியில் வைத்தால் புத்தகம் சரியாக அந்தத் தூரத்தில் வரும். கறுப்பு வெள்ளைப் பெரிய உருவங்கள், கெட்டி அட்டை, மூலை வளைந்திருக்க வேண்டும், வாயில் வைத்தாலும் விடுங்கள். இரண்டு வயது வரை ஒரு பக்கத்தில் ஒரு பொருள். மூன்றுக்குப் பிறகு கதை. நான்கில் இருந்து முடிவு என்ன ஆகும் என்று கேட்கலாம். இரவு ஒரே நேரம், ஒரே இடம், தொலைபேசி அடுத்த அறையில்.

கொட்டாஞ்சேனை அம்மா

ஐயா, உங்கள் அறிவுக்கு மரியாதை. ஆனால் கேள்வி கேளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிடாதீர்கள், எனக்கு அது சுட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் இரண்டரை வயதிலும் கதைக்கவில்லை. "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு" என்று எல்லோரும் படத்தைக் காட்டிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் புத்தகத்தைக் கண்டாலே எழும்பி ஓடத் தொடங்கினான். பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டுபோன இடத்தில் அந்த மிஸ் என் பையில் இருந்த எழுத்து அட்டைகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கதவு திறக்கிற ஒரு சின்ன அட்டைப் புத்தகத்தை எடுத்தார். பெட்டிக் கதவு, அலுமாரிக் கதவு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மிருகம். "கேட்க வேண்டாம். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ, பிறகு பேசாமல் இருங்கோ" என்றார். பேசாமல் இருப்பதுதான் பெரும் பாடு. ஒரு கதவைத் தொட்டு "டக் டக்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். மின்விசிறிச் சத்தம் மட்டும். நான் வாயைத் திறக்கப் போக அவர் கையைக் காட்டித் தடுத்தார். மகன் கதவைப் பார்த்தான், அவருடைய வாயைப் பார்த்தான், பிறகு தானே தட்டி "தக்" என்றான்.

அதே புத்தகத்தை வாங்கித் தேய்த்துவிட்டோம், அலுமாரிக் கதவு பிய்ந்து அம்மம்மா பிளாஸ்டர் போட்டு ஒட்டிக் கொடுத்தா. இப்போது நாலு வயது, கதைத்தால் நிறுத்த முடியாது. புத்தகம் எது என்று சொல்கிறவர்கள் முதலில் பிள்ளையைப் பாருங்கள், வயதைப் பார்த்து மட்டும் சொல்லாதீர்கள். சொந்தக்காரர்கள் பிறந்தநாளுக்கு ஆனா ஆவன்னாப் படமாகவே கொண்டுவருகிறார்கள், எங்கள் வீட்டில் அது அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

கிருலப்பனை

விலை பற்றி வாசகி அக்கா எழுதியதற்கு மட்டும். பெங்களூரில் இருக்கும் பிரதம் புக்ஸ் 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையத் தளத்தைத் தொடங்கினார்கள், தமிழில் நிறையக் கதைகள், எல்லாம் இலவசம், தரவிறக்கி அச்சடிக்கவும் அனுமதி உண்டு. நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலையில் சின்னச் சின்ன வரிகள்தான், பம்பலப்பிட்டி அண்ணாவுக்குச் சரியாக இருக்கும். எழுத்தில்லாத கதைகளும் இருக்கின்றன. நான் வீட்டுக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷனில், அதாவது போட்டோக்கொப்பி அடிக்கிற கடையில், நிறத்தில் அச்சடித்து நடுவில் ஸ்டேப்பிள் அடித்தேன். கடைக்காரத் தம்பி பக்கங்களை அடுக்கிக்கொண்டே நின்று முழுக்கதையையும் வாசித்துவிட்டு, தன் மகளுக்கும் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டான், எடுத்தான். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மாளிகாவத்தை உம்மா

நிறத்தில் அடித்தால் செலவு கூடாதா? கறுப்பு வெள்ளையில் பிள்ளை பார்க்குமா?

கிருலப்பனை

முன் அட்டையை மட்டும் நிறத்தில் அடியுங்கோ லாத்தா, உள்ளே கறுப்பு வெள்ளை போதும், கூடவே கலர் பென்சில் பெட்டியைக் கொடுத்துவிடுங்கோ. கோடு நல்ல தடிப்பாக இருக்கிற கதையாகத் தெரிவு செய்யுங்கோ, நிழல் போட்ட படங்கள் கறுத்துப் போகும். கடைசிப் பக்கத்தில் எழுதினவர், வரைந்தவர் பெயர் இருக்கும், அதையும் சேர்த்து அடிக்க வேண்டும்.